முதலில் கல்யாணம், காதல் அப்புறம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ரயில் பாதையிலிருந்து அறுபது மைல் தள்ளி, பர்ன்ட்ஃபோர்க் என்று ஒரு குக்கிராமம். 1909 மே மாதம் அங்கே ஒரு பண்ணை வீட்டில் கல்யாணம் நடந்தது. மணப்பெண் எலினோர் ப்ரூயிட். சின்னப் பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு டென்வர் நகரத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவர். வந்து அதிக நாள் ஆகவில்லை. மாப்பிள்ளை, அவரை வேலைக்கு வைத்த கிளைட் ஸ்டூவர்ட். வீட்டைச் சுத்தம் செய்தது, விருந்து சமைத்தது எல்லாமே மணப்பெண்தான். அந்த அவசரத்தில் சமையல் ஏப்ரனையும் பழைய ஷூவையும் மாற்ற மறந்துவிட்டார். அதே கோலத்தில் போய் நின்றார், கல்யாணமும் முடிந்துவிட்டது. டென்வரில் தான் முன்பு வேலை பார்த்த வீட்டு அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். பண்ணை வேலை தலைக்கு மேல் கிடந்ததாம். அதனால் கல்யாணத்தை முதலில் முடித்துவிடுவோம், காதலிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தார்களாம்.

'வெஸ்டர்ன் ஹிஸ்டாரிகல் ரொமான்ஸ்' என்ற கதை வகை என்னவென்று யாராவது கேட்டால் நான் இந்தக் கல்யாணத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். காதல், சாகசம், சிரிப்பு மூன்றையும் எழுத்தாளர்கள் உட்கார்ந்து கலந்து செய்த மசாலா என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்தக் காலத்து வரலாற்றைப் படித்தபோதுதான் தெரிந்தது, மூன்றும் அந்த மண்ணிலேயே கலந்து கிடந்திருக்கின்றன.

வெஸ்டர்ன் என்றதும் நமக்குத் தொப்பி, குதிரை, துப்பாக்கி ஞாபகம் வரும். சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்குப் பாலைவனமும் ஷெரிப்பும் சொந்த ஊர் மாதிரி. அந்தக் கதைகளில் நாயகன் ஊருக்குள் வருவான், கெட்டவர்களை ஒழிப்பான், கடைசியில் சூரியன் மறையும் திசையில் தனியாகக் குதிரையில் போய்விடுவான். வெஸ்டர்ன் ரொமான்ஸில் அவன் போகக் கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம். அங்கேயே தங்க வேண்டும், வேலி கட்ட வேண்டும், மாடு கறக்க வேண்டும், அவளோடு சண்டை போட்டுச் சமாதானமாக வேண்டும். கதை பெரும்பாலும் அவள் கண் வழியாக நகரும். முடிவு சந்தோஷமாக இருந்தே தீர வேண்டும். இந்த வகையில் வாசகர்கள் விட்டுக்கொடுக்காத ஒரே நிபந்தனை அது. இரண்டு பேரும் சேருவார்களா என்ற கேள்விக்கு முதல் பக்கத்திலேயே விடை தெரியும். எப்படிச் சேருவார்கள் என்பதற்காகத்தான் மிச்சம் முந்நூறு பக்கமும்.

காலம் ஏறக்குறைய 1840-களிலிருந்து 1890-கள் வரை. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, பசிபிக் கடல் வரைக்கும் உள்ள நிலம்தான் களம். 1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு மர அறுவை ஆலைக்காகக் கால்வாய் வெட்டிய இடத்தில் தங்கம் கிடைத்தது. அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். அங்கே குவிந்தவர்கள் எல்லாம் யார்? ஆண்கள். 1850 மக்கள்தொகைக் கணக்கில் கலிபோர்னியாவில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ஆண்கள். இந்த ஒரு எண்தான் இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் விதை. தங்கம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, கிழிந்த சட்டையைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை.

இதில் சட்டசபைக்காரர்களும் விதிவிலக்கல்ல. 1849-இல் மாண்டரே நகரத்தில் கலிபோர்னியாவின் அரசியல் சட்டத்தை எழுத உட்கார்ந்தார்கள். திருமணமான பெண்ணின் சொத்து அவள் பெயரிலேயே இருக்கலாமா என்று விவாதம். அந்தக் காலத்து ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி மனைவியின் சொத்து கணவன் கைக்குப் போய்விடும். ஹென்றி ஹாலெக் என்ற உறுப்பினர் எழுந்தார். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஆனால் ஆசை இருக்கிறது. வசதியுள்ள பெண்கள் கலிபோர்னியாவுக்கு வர இதைவிட நல்ல தூண்டில் கிடையாது, அதனால் இந்த அவையில் இருக்கிற பிரம்மச்சாரிகள் எல்லோரும் இதை ஆதரித்து வாக்களிக்க வேண்டும் என்றார். தீர்மானம் நிறைவேறியது. பெண்களின் சொத்துரிமை வந்த வழிகளில் இதைவிடச் சிரிப்பான வழி எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் கழித்து, 1869 டிசம்பரில், வயோமிங் பிரதேசம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. கொள்கைப் பிடிப்போடு பேசியவர்களும் அங்கே இருந்தார்கள். பெண்கள் குடிவருவார்கள் என்ற கணக்கும் கூடவே இருந்தது.

ஓரிகன் கதை கொஞ்சம் கசப்பு. 1850-இல் வந்த நிலக்கொடைச் சட்டப்படி, ஏற்கெனவே குடியேறியிருந்த தனி ஆணுக்கு 320 ஏக்கர். கல்யாணமானவர் என்றால் தம்பதிக்கு 640. அதில் பாதி மனைவி பெயரில். 1850 டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டாலும் செல்லும். அவ்வளவுதான், ஊரெல்லாம் பெண் தேட ஆரம்பித்துவிட்டது. நிலத்துக்காகப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் குழந்தைகளைக்கூடக் கட்டிக்கொடுத்தார்கள். 'நிலத்துக்காக ஒரு கல்யாணம்' என்பது இந்த நாவல்களில் ரொம்பப் பிரபலமான தொடக்கம். நாவலில் நாயகிக்கு இருபத்திரண்டு வயது, நல்ல வாய்த் துடுக்கு. நிஜத்தில் அவளுக்குப் பேச வாயே இருந்திருக்காது.

சரி, பெண் இல்லாத ஊருக்குப் பெண் எப்படி வந்தாள்? ஒரு வழி, தபால். கான்சஸ் சிட்டியிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் 1870-களில் 'மேட்ரிமோனியல் நியூஸ்' என்றே ஒரு பத்திரிகை நடந்தது. பெயருக்குப் பதில் எண் போட்டு வரன் விளம்பரம் வரும். நாற்பது வார்த்தைக்குள் இருந்தால் ஆண்களுக்கு 25 சென்ட், பெண்களுக்கு இலவசம். வயது, உயரம், எடை, சொத்து, எதிர்பார்ப்பு. ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமகள் தேவைப் பக்கத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. ஒரே வித்தியாசம், விசாரிக்கப் பெரியப்பாவோ அத்தையோ கிடையாது. கடிதத்தில் 'ஓரளவு வசதியான வீடு' என்று எழுதியவன், புல் கட்டிகளை வெட்டி அடுக்கிய மண் குடிசையில் இருப்பான். 'நடுத்தர வயது' என்றால் பல் எத்தனை மிச்சம் என்று நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். தபால் மணமகள் கதைகளில் சிரிப்பு வருவதே இந்த இடத்தில்தான்: எழுதியதற்கும் எதிரே நிற்பதற்கும் இடையிலான தூரம்.

இன்னொரு வழி, மொத்தமாகக் கப்பலில் கூட்டிவருவது. இதை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் எலைசா ஃபார்னம். 1849-இல் நியூயார்க்கிலிருந்து இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட, நற்சான்றிதழ் உள்ள பெண்களைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துப்போகத் துண்டறிக்கை போட்டார். நூற்றுக்கு மேல் எதிர்பார்த்தார். கடைசியில் கப்பலேறியது இரண்டு மூன்று பேர். சான் பிரான்சிஸ்கோவில் காத்திருந்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுவது ஏசா மெர்சரின் கதையை. இதைக் கற்பனையாக எழுதினால் எந்தப் பதிப்பாசிரியரும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்பார்.

சியாட்டில் அப்போது மரம் வெட்டுகிறவர்களின் சின்ன ஊர். மெர்சர் இருபத்தைந்து வயதுகூட ஆகாத இளைஞர். அங்கே புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். ஊரில் கல்யாணத்துக்குப் பெண் இல்லை என்று புலம்பல். கிழக்கே மாசசூசெட்ஸில் நிலைமை தலைகீழ். உள்நாட்டுப் போரில் ஆண்கள் போய்விட்டார்கள், தெற்கிலிருந்து பருத்தி வரவில்லை, லோவல் நகரத்து நூற்பாலைகள் முடங்கிக் கிடந்தன, பெண்களுக்கு வேலை இல்லை. மெர்சர் அங்கே போய்ப் பேசினார். ஆசிரியை வேலை, நல்ல சம்பளம், நல்ல காற்று என்றெல்லாம் சொன்னார். பதினோரு பேர் சம்மதித்தார்கள். பனாமா வழியாகப் பயணம் செய்து 1864 மே மாதம் சியாட்டிலில் இறங்கினார்கள். ஊரே கரையில் நின்றது. பெரும்பாலோருக்குச் சீக்கிரமே கல்யாணமும் ஆயிற்று.

வெற்றி தலைக்கேறியது. அடுத்த தடவை எழுநூறு பெண்களைக் கூட்டிவருகிறேன் என்று கிளம்பினார். ஊர்ப் பிரம்மச்சாரிகளோடு ஒப்பந்தமே போட்டார்: ஆளுக்கு முந்நூறு டாலர் முன்பணம், 1865 செப்டம்பருக்குள் நல்லொழுக்கமுள்ள, பொருத்தமான மனைவி ஒருத்தியைக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. படிக்கும்போது ஏதோ தையல் இயந்திரம் ஆர்டர் கொடுத்த மாதிரி இருக்கும்.

கப்பலுக்கு லிங்கனிடம் கேட்கலாம் என்பது அவர் திட்டம். இலினாயில் சிறுவனாக இருந்தபோது லிங்கன் மடியில் உட்கார்ந்தவன் நான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நியூயார்க் போய்ச் சேர்ந்த நேரத்தில் லிங்கன் கொல்லப்பட்ட செய்தி வந்தது. அலைந்து திரிந்து ராணுவத் தளபதி ஜெனரல் கிராண்டிடம் உதவி கேட்டார். கடைசியில் ஸ்டேஜ் கோச் (பயணிகளை ஏற்றிப்போகும் குதிரை வண்டி) தொழிலில் கொடிகட்டிப் பறந்த பென் ஹாலடே 'கான்டினென்டல்' என்ற கப்பலை வாங்கி ஏற்றிப்போகச் சம்மதித்தார். அதற்குள் நியூயார்க் ஹெரால்ட் பத்திரிகை, போகிற பெண்களின் கதி என்னாகுமோ என்று எழுதிப் பீதியைக் கிளப்பிவிட்டது. பெயர் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். 1866 ஜனவரி 16-ஆம் தேதி கப்பல் கிளம்பியபோது எழுநூறு பெண்கள் இல்லை; மொத்தப் பயணிகளே ஏறக்குறைய நூறு பேர். அதிலும் குடும்பங்கள், குழந்தைகள், போதாததற்கு நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவர்.

தென் அமெரிக்காவைச் சுற்றி, மெகல்லன் ஜலசந்தி வழியாக மாதக்கணக்கில் பயணம். கப்பல் அதிகாரிகளோடு பெண்கள் பேசிச் சிரிக்கக் கூடாது என்று மெர்சர் சட்டம் போட்டார். யாரும் மதிக்கவில்லை. அவரே ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்து, கேட்டு, மறுக்கப்பட்டார் என்று கூட வந்த நிருபரின் நாட்குறிப்பு சொல்கிறது. நிருபர் இருக்கிற கப்பலில் காதலைச் சொல்லக் கூடாது.

சான் பிரான்சிஸ்கோ வந்ததும் கேப்டன் இதற்கு மேல் போகமாட்டேன் என்றுவிட்டார். மெர்சர் கையில் காசு இல்லை. சியாட்டில் இருந்த வாஷிங்டன் பிரதேசத்தின் ஆளுநருக்குப் பணம் அனுப்பச் சொல்லித் தந்தி கொடுத்தார். பதில் தந்தி வந்தது, பெறுகிறவர்தான் கட்டணம் கட்ட வேண்டும் என்று. கட்டப் பணமில்லை. தந்தி அலுவலகத்தில் கெஞ்சிப் பிரிக்க வைத்துப் பார்த்தால், உள்ளே பணம் இல்லை, நீளமான வாழ்த்துரை! இது அவரைப் பற்றி அன்றிலிருந்து சொல்லப்பட்டு வரும் கதை. கொஞ்சம் உப்பு புளி சேர்ந்திருக்கலாம். கூடக் கொண்டுவந்த சாமான்களை விற்று, மரம் ஏற்றும் கப்பல்களில் பெண்களைப் பகுதி பகுதியாகச் சியாட்டிலுக்கு அனுப்பினார். முந்நூறு டாலர் கட்டியவர்கள் கணக்குக் கேட்கக் காத்திருந்தார்கள். எப்படியோ சமாளித்தார். அந்த ஜூலை மாதமே, கூட வந்தவர்களில் ஒருவரான ஆனி ஸ்டீஃபன்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆக, மற்றவர்களுக்குப் பெண் தேடக் கடல் சுற்றிய மனிதருக்கும் ஒரு பெண் கிடைத்தாயிற்று.

இதில் எனக்குப் பிடித்தவர் வேறொருவர். முதல் பயணத்தில் வந்த லிஸி ஆர்ட்வே கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆசிரியையாக வந்தார், ஆசிரியையாகவே இருந்தார். சியாட்டிலில் 1870-இல் திறந்த மத்தியப் பள்ளியின் முதல் ஆசிரியை அவர்தான். பிறகு கிட்சாப் மாவட்டப் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளர் ஆனார். தனியாக இருப்பதன் சுகத்தை எதற்காகவும் விட்டுத்தர மாட்டேன் என்று சொன்னதாகச் சொல்வார்கள். இவரை வைத்து ரொமான்ஸ் எழுத முடியாது. இந்த வகைக் கதைகளின் எல்லை எங்கே முடிகிறது என்று காட்ட இவரைவிட நல்ல உதாரணம் இல்லை.

சாகசம் பக்கம் வருவோம். இங்கே நாவல்களும் சினிமாவும் கொஞ்சம் ஏமாற்றும். தெருவின் நடுவில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று சுடுவது ரொம்ப அபூர்வம். டாம்ப்ஸ்டோன், டாட்ஜ் சிட்டி போன்ற ஊர்களில் துப்பாக்கியோடு ஊருக்குள் திரிவதற்கே தடை இருந்தது. 1881 அக்டோபர் 26-ஆம் தேதி டாம்ப்ஸ்டோனில் நடந்த புகழ்பெற்ற ஓ.கே. கோரல் சண்டைகூட, அந்தத் தடையைச் சொல்லி ஊர்க் காவலர்கள் ஆயுதத்தைப் பறிக்கப் போன இடத்தில் மூண்டதுதான். அரை நிமிடத்தில் முடிந்தது. மூன்று பேர் செத்தார்கள். அந்த அரை நிமிடத்தை வைத்து எத்தனை படம்!

உண்மையில் ஆளைக் கொன்றது வானிலை, காலரா, ஆற்று வெள்ளம், பிரசவம். 1888 ஜனவரி 12-ஆம் தேதி காலையில் டகோட்டா, நெப்ராஸ்கா சமவெளியில் இதமான வெயில். கோட் போடாமல் குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள். திடீரென்று பனிப்புயல் அறைந்தது. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் குழந்தைகள் நிறைய. இந்த நாவல்களில் பனிப்புயல் வந்தால் நாயகனும் நாயகியும் ஒரே அறையில் மாட்டிக்கொள்வார்கள், கட்டிலும் ஒன்றுதான் இருக்கும். வாசகர்கள் அதைக் கேலி செய்துகொண்டே விரும்பிப் படிப்பார்கள். நானும்தான். ஆனால் அந்தப் புயலைப் பற்றித் தெரிந்த பிறகு, கதவைத் திறந்தால் சாவு என்பது வெறும் சாக்கு இல்லை என்று புரிகிறது.

பெண் ஆண் வேடம் போடுவது இன்னொரு வழக்கமான சாகசம். நம்ப முடியவில்லையா? ஸ்டேஜ் கோச் ஓட்டுவதில் கலிபோர்னியாவில் பேர்போன சார்லி பார்க்கர்ஸ்ட், ஒற்றைக் கண், புகையிலை மெல்லுகிற ஆள். 1879-இல் இறந்து, உடலைக் கழுவியபோதுதான் பெண்ணுடல் என்று ஊருக்குத் தெரிந்தது. 1868-இல் அவர் பெயர் வாக்காளர் பதிவேட்டிலும் இருந்திருக்கிறது.

புதிதாகப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதைகளில் 'காலி நிலம்' என்று வருகிற எதுவும் காலியாக இல்லை. லகோட்டா, செயேன், ஷோஷோனி என்று அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களிடமிருந்து போரிலும் மீறப்பட்ட ஒப்பந்தங்களிலும் பறித்த நிலம் அது. பழைய நாவல்கள் அவர்களை வில்லனாக்கின, அல்லது நாயகியைக் கடத்திப் போகும் அழகனாக்கின. இரண்டும் மோசம். கௌபாய்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் கணிசம். ரோடியோ, லாஸோ, ரான்ச் எல்லாமே ஸ்பானியத்திலிருந்து வந்த சொற்கள். விடுதலையான கறுப்பினத்தவர்கள் 1877-இல் கான்சஸில் நிகோடிமஸ் என்ற தங்கள் ஊரையே கட்டினார்கள். சீனப் பெண்கள் வருவதையோ 1875-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அட்டைப்படத்தில் மட்டும் ரொம்ப நாள் ஒரே நிறத்து முகங்கள்தான். இப்போது மெல்ல மாறி வருகிறது.

மறுபடி எலினோருக்கு வருகிறேன். அவர் வயோமிங்குக்குப் போனது கணவன் தேடி இல்லை, நிலம் தேடி. 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 21 வயதானவர் யாரும் 160 ஏக்கருக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் சொந்தம். கன்னிப் பெண்ணோ விதவையோ விண்ணப்பிக்கலாம். கணவனோடு இருக்கும் மனைவி முடியாது. அதனால்தான் நாவல்களில் நாயகி 'இது என் நிலம்' என்று துப்பாக்கியோடு நிற்பதும், கல்யாணப் பேச்சு வந்ததும் தயங்குவதும். அந்தத் தயக்கம் வெட்கமில்லை, பட்டா.

டென்வரிலிருந்து அவர் வந்தது ஒரு நாள் ரயில், இரண்டு நாள் சேற்றில் ஸ்டேஜ் கோச். வண்டி ஓட்டியவன் மனைவியை இழந்த மார்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு மதப் பிரிவைச் சேர்ந்தவன்), அழகன் வேறு. வழியெல்லாம் காதல் வசனம் பேசிக்கொண்டே வந்தானாம். எனக்குத் துணைக்கு ஆள் இல்லாததால் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன், காற்றும் சேறும் அப்பியிருந்ததால் அது சிரமமாகவும் இல்லை என்று எழுதுகிறார். பண்ணைக்குப் போனால் ஸ்காட்லாந்துக்காரரான கிளைட், 'கேம்ப்பெல்கள் வருகிறார்கள்' என்ற ஒரே மெட்டைப் பேக்பைப்பில் பகலிலும் அவ்வப்போது, இரவு ஏழிலிருந்து பதினொன்று வரையிலும் ஊதிக்கொண்டிருக்கிறார். அந்தக் கேம்ப்பெல்கள் சீக்கிரம் வந்து தொலைத்தால் தேவலை என்று ஒரு வரி. வைக்கோல் புல் அறுக்க ஆள் கிடைக்காமல் கிளைட் தவித்தபோது, தனக்கு அறுக்கத் தெரியும் என்று சொன்னால் தடுத்துவிடுவாரோ என்று வாயைத் திறக்காமல் இருந்தார். அவர் ஆள் தேடிப் போன காலையில் குதிரைகளைப் பூட்டிக்கொண்டு வயலில் இறங்கி, திரும்பி வருவதற்குள் தெரிகிற அளவுக்கு அறுத்துப் போட்டுவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே, கிளைட்டின் நிலத்தை ஒட்டித் தன் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டார் எலினோர். சட்டப்படி அவர் தன் நிலத்தில் குடியிருக்க வேண்டும். அதனால் அவருடைய வீட்டைக் கிளைட் வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டினார்கள், நிலமும் கையில் இருக்கும், வேலையும் கையில் இருக்கும் என்று. தன் நிலத்துச் சிக்கல்களைத் தானே பார்த்துக்கொள்ள விடுவதாக வாக்குக் கொடுத்திருக்காவிட்டால் கிளைட்டைக் கட்டியிருக்கவே மாட்டேன் என்றும் எழுதினார். அந்தக் கடிதங்கள் அச்சாகி, பெண்கள் தனியாக நிலம் எடுக்கலாம் என்பதற்கு அவரையே உதாரணம் காட்டினார்கள். கணவனும் மனைவியும் தனித்தனி வீடு என்று கணக்குக் காட்டுவது சட்டத்துக்கு முன்னால் சிக்கலான விஷயம். 1912-இல் எலினோர் அந்த நிலத்தைச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தார். எடுத்துக்கொண்டவர் மாமியார்.